தினசரி ஷேவிங்: ரேசர் வாங்குவதிலிருந்து பழைய பிளேடைத் தூக்கிப் போடுவது வரை

ஷேவ் செய்தால் கழுத்து எரிகிறது, தாடைக்குக் கீழே சிவப்பு சிவப்பாகப் பொரிந்துவிடுகிறது என்பவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வேற எந்த ரேசர் வாங்கலாம்?" இரண்டு பிளேடு ரேசர் வைத்திருப்பவர் மூன்றுக்குப் போவார், மூன்றிலிருந்து ஐந்துக்குப் போவார். செலவு ஏறும், எரிச்சல் இறங்காது. முடி ஊறாமல் இழுப்பது, அழுத்தி இழுப்பது, எடுத்த எடுப்பிலேயே முடியின் போக்குக்கு எதிராக இழுப்பது என்ற மூன்று பழக்கங்களை விட்டாலே தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். ரேசர் தேர்வும் முக்கியம்தான், ஆனால் அது அடுத்த கட்டம். அதனால் எந்த ரேசர் என்பதைச் சொல்லிவிட்டு, அதை எப்படிப் பிடித்து இழுப்பது என்பதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

தினமும் வேண்டுமா?

தாடி முடி ஒரு நாளைக்குச் சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளரும். அடர்த்தியான கறுப்புத் தாடி உள்ளவருக்கு அதுவே மறுநாள் காலை கண்ணாடியில் தெரியும். மென்மையான முடி உள்ளவருக்கு இரண்டு நாள் ஆனாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். காவல்துறை, ஹோட்டல் வரவேற்பு மாதிரி வேலை கட்டாயப்படுத்தினால் தவிர, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவ் செய்வது தோலுக்கு நல்லது. பிளேடு முடியோடு சேர்த்து மேல்தோலின் மெல்லிய படலத்தையும் வழித்துக்கொண்டுதான் போகிறது, அது ஆற நேரம் வேண்டும். செவ்வாய், வெள்ளி முகத்தில் கத்தி படக் கூடாது என்ற வீட்டு வழக்கம் உள்ளவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு தானாகவே கிடைத்துவிடுகிறது. காரணம் வேறாக இருக்கலாம், பலன் தோலுக்குத்தான்.

"அடிக்கடி ஷேவ் பண்ணினா தாடி நல்லா கெட்டியா வளரும்" என்று மீசை அரும்பும் பையன்களுக்குச் சொல்லும் யோசனை உண்மையில்லை. 1928-ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் இதை அளந்து பார்த்து, ஷேவ் செய்வதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். கூர்மையாக முடிந்த நுனி வெட்டுப்பட்டு மொட்டையாகிறது, அதனால் தடவும்போது கெட்டியாகத் தோன்றுகிறது, அவ்வளவே. முடி வேரில் உருவாகிறது. மேலே வெட்டுவது அதற்குத் தெரியாது.

ரேசர் வாங்கும் முன் முகத்தைத் தடவிப் பாருங்கள்

ஒரு நாள் வளர்ந்த தாடியோடு கண்ணாடி முன் நின்று விரல் நுனிகளால் எல்லாத் திசையிலும் தடவுங்கள். எந்தப் பக்கம் வழவழவென்று போகிறதோ அது முடி படிந்திருக்கும் போக்கு, எந்தப் பக்கம் சொரசொரக்கிறதோ அது எதிர்ப்போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ்தான். சிக்கல் கழுத்தில். அங்கே பலருக்கு முடி கீழிருந்து மேலாக வளரும், சிலருக்குப் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், தாடையின் இரு மூலைகளுக்குக் கீழே சுழி மாதிரி சுற்றியும் இருக்கும். வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கழுத்தில் மட்டும் எரிகிறது என்பவர்கள் இதைச் செய்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு "நேராத்தானே பண்றேன்" என்பார்கள். அவர்கள் கழுத்து முடிக்கு அதுதான் எதிர்ப்போக்கு.

எந்த ரேசர்?

கழற்றி வீசிவிடும் மெல்லிய பிளேடு என்ற யோசனையைக் கடைக்குக் கொண்டுவந்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். விற்பனை தொடங்கிய 1903-இல் போனது 51 ரேசரும் 168 பிளேடும்தான். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிறகு அந்த வழக்கம் ஊரெல்லாம் பரவியது. பிறகு வந்தது எண்ணிக்கைப் போட்டி: 1971-இல் இரட்டை பிளேடு, 1998-இல் மூன்று, 2006-இல் ஐந்து.

இந்தப் போட்டியில் எதிர்த்திசையில் போன ஒரு கதை நமக்குப் பயன்படும். இந்தியாவுக்கென்று ஒரு ரேசரைத் தயாரித்த அதே ஜில்லெட் நிறுவனம், அதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இங்கே வந்ததும் படுத்துவிட்டது. மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் ஓடியது. இங்கே பலர் ஒரு கப் தண்ணீரும் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஷேவ் செய்தார்கள், அந்தக் கப்பில் அலசினால் பிளேடுகளுக்கு நடுவே சிக்கிய முடி வெளியே வரவில்லை. 2010-இல் ஒற்றை பிளேடோடு ஜில்லெட் கார்டு வந்தது: ரேசர் 15 ரூபாய், மாற்றும் பிளேடு 5 ரூபாய். நெருக்கமான பிளேடுகள் இல்லாததால் கப் தண்ணீரிலேயே அலசிவிடலாம். ஆகவே ரேசர் வாங்கும்போது முதல் கேள்வி, அலசத் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்பது. வாஷ்பேசின் குழாய் என்றால் எதுவும் சரி. மக் தண்ணீர், ஹாஸ்டல், மேன்ஷன் அறை என்றால் பிளேடு குறைவாக இருப்பதே வசதி.

அடுத்த கேள்வி, முடி சுருளா நேரா. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அது உள்ளே போகும் முன் அடுத்தது வெட்டும். வெட்டுப்பட்ட நுனி தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். தொட்டுப் பார்த்தால் பட்டுப்போல இருப்பது இதனால்தான். நேர் முடிக்காரருக்கு இதில் பிரச்சினை இல்லை. சுருள் முடியாக இருந்தால், மறுபடி வளரும் நுனி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்தி, பருவாகிவிடும். நம் நிறத் தோலில் அந்தப் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அப்படிப்பட்டவர்கள் ஐந்து பிளேடைத் தொடவே வேண்டாம் என்பேன். ஒற்றை பிளேடு, இல்லையென்றால் டிரிம்மர்.

இரு பக்கமும் கூருள்ள பிளேடு போடும் பழைய உலோக ரேசர், தாத்தா வைத்திருந்த ஷேவிங் செட், இப்போது இளைஞர்களிடமும் திரும்ப வந்திருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்தம். ரேசருக்கு ஒரே ஒரு முறை செலவு. அதன்பின் செவன் ஓ க்ளாக், டோபாஸ், சூப்பர் மேக்ஸ் என்று பெட்டிக்கடையிலேயே கிடைக்கும் பிளேடுகள், சில ரூபாய்க்கு ஒன்று. ஒரே கூர் எல்லா முகத்துக்கும் ஒத்துவராது என்பதால் முதலில் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பார்ப்பது நல்லது. ஆனால் இதற்குப் பொறுமை வேண்டும். கார்ட்ரிட்ஜ் ரேசரில், அதாவது பிளேடுகள் பதித்த தலையை அப்படியே கழற்றி மாற்றும் ரேசரில், தலை முகத்துக்கேற்பத் தானே சாயும், இதில் சாய்வை உங்கள் மணிக்கட்டுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பழகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள்.

பிளேடை மாட்டும்போது குறுகிய இரு ஓரங்களை மட்டும் பிடியுங்கள். மேல் மூடியைக் கவிழ்த்து, பிளேடை வைத்து, அடித்தட்டை மூடி, கைப்பிடியைத் திருகுங்கள். இரு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோணலாக உட்கார்ந்தால் அந்தப் பக்கம் கட்டாயம் வெட்டும்.

கார்ட்ரிட்ஜ் ரேசர் வாங்குவதானால் கைப்பிடியின் விலையைப் பார்க்காதீர்கள், மாற்று கார்ட்ரிட்ஜின் விலையைப் பாருங்கள். கைப்பிடியைத் தள்ளுபடியில் கொடுத்துவிட்டு அதில்தான் சம்பாதிப்பார்கள். யூஸ் அண்ட் த்ரோ ரேசர் பயணத்துக்கு மட்டும். அதையே மாதக்கணக்கில் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், முகம் பாவம்.

மின்சார ஷேவர் தோல் மட்டத்துக்கு முழுதாக இறங்காது, ஆனால் வெட்டுக்காயம் அநேகமாக இருக்காது. நீரிழிவு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கை நடுங்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதையே வாங்கிக் கொடுங்கள். லேசான தாடி போதும் என்பவர்களுக்கு டிரிம்மர் ஒன்றே போதும், மற்றதெல்லாம் வீண் செலவு.

படி 1: ஊற வைப்பது

குளித்து முடித்தவுடன் ஷேவ் செய்யுங்கள். முதலில் ஷேவ், பிறகு குளியல் என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம், ஷேவ் செய்தால் குளித்தே ஆக வேண்டும் என்பார்கள். அதை மாற்ற முடியாதென்றால், வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் ஒற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முடி தண்ணீரைக் குடித்து உப்பி, மென்மையாகும். ஊறிய முடியை வெட்ட வேண்டிய பலம் காய்ந்த முடிக்கு வேண்டியதைவிட மிகக் குறைவு. குழாயைத் திறந்து இரண்டு கை தண்ணீர் தெளித்துக்கொள்வது ஊற வைப்பதாகாது.

படி 2: நுரை

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் நுரை நிற்காமல் திரிந்து வெள்ளைப் படிவாகிவிடும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. க்ரீமை மாற்றிப் பயனில்லை. நுரைக்கு மட்டும் அரை டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், அலசுவதற்கு உப்புத் தண்ணீரே போதும்.

பிரஷ்ஷை நனைத்து, ஒரு முறை உதறி, கொண்டைக்கடலை அளவு க்ரீம் வைத்து, முகத்திலேயே வட்டமாகத் தேயுங்கள். ஒரு நிமிடமாவது தேய்க்க வேண்டும். முடி நட்டுக்கொண்டு நிற்கும், அடியிலும் க்ரீம் இறங்கும். பெரிய குமிழிகளாக, பஞ்சு மாதிரி இருந்தால் தண்ணீர் அதிகம். தயிர் பதத்தில், பளபளப்பாக இருந்தால் சரி. பிரஷ் இல்லாத டியூப் ஜெல்லும் வேலை செய்யும். குளியல் சோப்பு மட்டும் வேண்டாம், தோலைக் காய வைத்துவிடும், அதன் நுரையும் நிற்காது.

படி 3: முதல் சுற்று, முடியின் போக்கிலேயே

கன்னத்தில், கிருதாவிலிருந்து தொடங்குங்கள். அங்கே முடி மென்மை. மோவாயும் மேலுதடும் கெட்டி, அவை கடைசியில் வந்தால் அதுவரை நுரையில் ஊறிக்கொண்டிருக்கும்.

பழைய செட் என்றால் ரேசர் தலையின் மேற்பக்கத்தைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, பிளேடு தோலைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். ஏறக்குறைய 30 டிகிரியில் பிளேடு தொடும், அதுதான் கோணம். காதிலும் தெரியும்: சரியான சாய்வில் 'சரசர' என்று முடி அறுபடும் ஓசை கேட்கும். ஓசை நின்றுவிட்டால் ஒன்று முடி தீர்ந்துவிட்டது, இல்லையென்றால் கோணம் மாறிவிட்டது.

கைப்பிடியின் நுனியை விரல்களால் லேசாகப் பிடித்தால் போதும், உலோக ரேசரின் எடையே வேலையைச் செய்துவிடும். ஒரு இழுப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை அலசுங்கள். நுரை போன இடத்தில் மறுபடி இழுக்காதீர்கள்.

இன்னொரு கை சும்மா இருக்கக் கூடாது. தாடை எலும்பின் விளிம்பில் பிளேடு தடுமாறும், அதனால் காதுப் பக்கமாகத் தோலை மேலே இழுத்து, கழுத்துத் தோலை எலும்பின் மேல் கொண்டுவந்து ஷேவ் செய்யுங்கள். குரல்வளை மேட்டின் மேல் நேராகப் போக வேண்டாம். தோலைப் பக்கவாட்டில் இரண்டு விரல் தள்ளி நகர்த்தினால் சமதளம் கிடைக்கும், அங்கே வழித்துவிட்டு விடுங்கள். மேலுதட்டுக்கு உதட்டைப் பல்லின் மேல் கீழாக மடித்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டாம் சுற்று, தேவைப்பட்டால்

மறுபடி நுரை போட்டு, முடியின் போக்குக்குக் குறுக்காக, அதாவது காதுப் பக்கத்திலிருந்து மூக்கை நோக்கி. அலுவலகத்துக்கு இது தாராளம். முழு எதிர்ப்போக்கு கல்யாணம், புகைப்படம் மாதிரி நாட்களுக்கு. பருத் தொல்லை உள்ளவர்களுக்கு அன்றும் வேண்டாம்.

படி 5: மீசையும் கிருதாவும்

ஷேவிங் வழிகாட்டிகள் பலவும் மீசை இல்லாத முகத்துக்கே எழுதப்பட்டவை. நமக்கோ பாதிக் கவனம் மீசை ஓரத்தில்தான். முகம் முழுதும் முடித்தபின், மீசையின் மேல் ஓரத்திலும் உதட்டோரத்திலும் உள்ள நுரையை விரலால் துடைத்துவிடுங்கள். கோடு தெரியாமல் வெட்டுவதால்தான் ஒரு பக்கம் ஏறிவிடுகிறது, அதைச் சரி செய்யப் போய் மறுபக்கம், அப்புறம் இரண்டும் போய் நூல் மீசையில் முடியும். ஈரத்தில் ஒரு துளி ஜெல் அல்லது எண்ணெய் தடவி, பிளேடின் மூலையால், மீசையிலிருந்து விலகும் திசையில் இழுங்கள். தலையை நேராக வைத்து, வாயை மூடி, சிரிக்காமல் அளவு பாருங்கள். பெரிய கார்ட்ரிட்ஜில் இது கடினம், சிலவற்றின் பின்பக்கம் இதற்கென்றே ஒற்றை பிளேடு இருக்கும். கிருதாவின் மட்டத்துக்குக் காதை நம்பாதீர்கள், இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. இரு ஆட்காட்டி விரல்களைக் கிடையாக வைத்துக் கண்ணாடியில் ஒப்பிடுங்கள்.

படி 6: முடித்த பிறகு

குளிர்ந்த தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். படிகாரக் கல்லை நனைத்து லேசாகத் தடவினால் சிறு ரத்தக்கசிவு நிற்கும். எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தி இழுத்திருக்கிறீர்கள் என்றும் தெரிந்துவிடும். அரை நிமிடத்தில் கழுவிவிடுங்கள், அப்படியே விட்டால் தோல் இழுத்துக் காயும். ஆல்கஹால் உள்ள ஆஃப்டர்ஷேவின் எரிச்சல் சுத்தத்தின் அடையாளம் இல்லை. மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் போதும்.

சிவந்து பொரிந்தால் ஷேவிங்கைச் சில நாள் நிறுத்துவதுதான் முதல் மருந்து. உள்ளே வளைந்த முடியைப் பிடுங்க வேண்டாம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை முகத்தில் பூசவே கூடாது. இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து புதுப் பிரச்சினை தொடங்கும். சீழ் வைத்தாலோ வட்டமாகப் பரவினாலோ தோல் மருத்துவர்தான்.

சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தாடி வளர்த்தவர்கள் கழற்றிய அன்றே அதில் ரேசரை வைத்தால் இழுத்துப் பிடுங்கும். முதலில் டிரிம்மராலோ கத்தரியாலோ ஒட்ட வெட்டிவிட்டு, ஊற வைத்து, பிறகு ஷேவ்.

சலூனில்

அரை பிளேடு மாட்டும் கத்தியில் அனுபவமுள்ள கை செய்யும் ஷேவுக்கு ஈடு வீட்டில் கிடையாது. ஆனால் ஹெபடைடிஸ் பி, சி போன்றவை ரத்தத்தின் வழியாகப் பரவுபவை, பிளேடில் ஒட்டியிருக்கும் ரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள், உங்கள் கண் முன் உடைத்து மாட்டட்டும். யாரும் தவறாக நினைப்பதில்லை. எல்லோரும் பிளேடைப் பார்க்கிறார்கள், படிகாரக் கல்லைப் பார்ப்பதில்லை. ஒருவர் கசிவில் தடவிய கல்லே அடுத்தவர் முகத்துக்கும் வரும். அதை வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் சொந்தக் கல்லைச் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள். செவ்வாய்க்கிழமை பல ஊர்களில் கடை இருக்காது என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

பிளேடு எத்தனை நாள்?

இரு கூர் பிளேடு மூன்றிலிருந்து ஐந்து ஷேவ், கார்ட்ரிட்ஜ் அதைவிடச் சில நாள் கூடுதல். கணக்கைவிட முகம் சொல்வதைக் கேளுங்கள்: முடியை இழுப்பது போலத் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது, அப்படியிருந்தும் பிளேடு எப்படி மழுங்குகிறது என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியின் கீழ் பார்த்தார்கள். முடி வளைந்து பக்கவாட்டில் அழுத்தும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு சிறு சிறு துண்டுகளாகப் பெயர்வது தெரிந்தது. பிளேடைத் துண்டிலோ ஜீன்ஸிலோ தேய்த்தால் கூர் திரும்பும் என்ற நம்பிக்கையில் நேரம் செலவழிக்க வேண்டாம். அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே காற்றாட நிமிர்த்தி வையுங்கள், துருவாவது பிடிக்காது. உங்கள் ரேசர் உங்களுக்கு மட்டும், அண்ணன் தம்பிக்குள்ளும் பகிர வேண்டாம். விமானத்தில் போகும்போது தனி பிளேடு கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

பழைய பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கவரில் போடுவது போதாது. நனைந்ததும் காகிதம் கிழியும், கையால் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான் அது போய்ச் சேரும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்டு, அலமாரியில் உயரமாக வையுங்கள். நிறைய மாதங்கள் தாங்கும். நிறைந்ததும் கீறலை டேப் சுற்றி அடைத்து, மேலே 'பிளேடு' என்று எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிக் கையில் கொடுங்கள்.